பதினான்கு என்று எழுதியது யார்?

மார்ச் 3

பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. நேற்றிலிருந்து மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் மீட்டிங் என்று சொல்லித் துண்டித்தாய். காகிதத்தைத் துண்டிக்க முடியாது. இதை வயர் கட்டுப் பெட்டிக்குள், சரக்குச் செலான் உறையில் வைத்து லாரி டிரைவர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை மறுநாள் உன் கையில் இருக்கும்.

உங்கள் ஃபேக்டரியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. வாஷிங் மெஷினுக்கான வயர் கட்டை ஏப்ரல் முதல் எங்களிடம் வாங்கப் போவதில்லையாம். காரணம் ஒரே வரி: "லீட் டைம் பதினான்கு நாள்." புதிதாக வரப்போகிற பெரிய கம்பெனிக்குப் பதினொன்றாம். எங்கள் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு வட்டம் வேறு. எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனால் அந்த எட்டு வருடத்திலும் என் தாளில் யாரும் சிவப்பு வட்டம் போட்டதில்லை.

லீட் டைம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். நீங்கள் ஆர்டர் போட்ட நாளிலிருந்து பொருள் உங்கள் ஸ்டோர்ஸில் இறங்கும் நாள் வரை. அதை ஒன்பது வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன். மாடிவீட்டுக்காரி வயரை அளந்து வெட்ட இரண்டு நாள். என் வீட்டையும் சேர்த்து ஐந்து வீடுகளில் தோல் உரித்து, முனையில் டெர்மினல் அழுத்தி, கட்டிச் சேர்க்க நான்கு நாள். டீச்சரம்மா வீட்டில் ஒவ்வொரு கட்டிலும் பல்பை எரியவைத்துச் சோதிக்க ஒரு நாள். லாரிக்கு இரண்டு நாள். கூட்டிப் பார். ஒன்பது.

இருநூற்று முப்பத்தொரு லோடு அனுப்பியிருக்கிறோம். இருநூற்று முப்பது லோடு ஒன்பது நாளுக்குள் வந்து சேர்ந்தது. மீதி ஒன்று எது என்று உனக்கே தெரியும், என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம்.

ஏழு வீட்டுப் பெண்களும் தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நீ அந்த ஃபேக்டரியில் பிளானிங்கில் இருக்கிறாய். எந்தப் பொருளை எந்த நாள் வரவழைப்பது என்று முடிவு செய்கிறவள். உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்?

பதினான்கு என்று எழுதியது யார்? ஆளை மட்டும் சொல். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

⁂

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

பெட்டியைத் திறந்தவர் உன் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல வேளை. இனி உறையை ஒட்டி அனுப்பு. ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் எதையும் எழுதிவிடாதே.

ஜனவரியில் புது மேனேஜர் வந்தார் என்று சொன்னேன் இல்லையா? கலர்காரர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அறுநூற்று நாற்பது சப்ளையர்களையும் ஒரே திரையில் போட்டு, நாள் குறைந்தவருக்குப் பச்சை, நடுவில் இருப்பவருக்கு மஞ்சள், நாள் அதிகமானவருக்குச் சிவப்பு என்று பிரித்துவிட்டார். சிவப்பை எல்லாம் ஜூனுக்குள் எடுத்தாக வேண்டும். உன்னை மட்டும் குறிவைத்துச் செய்ததில்லை. ஐம்பத்திரண்டு பேர் போகிறார்கள். அட்டைப்பெட்டிக்காரர் இருபது வருடமாக இருந்தவர், அவரும்தான்.

பதினான்கு என்பது மாஸ்டரில், அதாவது கம்ப்யூட்டரின் மூலப் பட்டியலில், இருக்கும் எண். பழைய எண்கள் எப்போது ஏறின, யார் ஏற்றினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொன்றையும் தோண்டிக்கொண்டிருந்தால் மெஷின் எப்போது செய்வது?

எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் தலையணை உறை தைக்க ஆள் கேட்கிறார்கள். ஏழு வீட்டுக்கும் போதுமான வேலை. பேசி வைக்கட்டுமா? கண்ணுக்கும் அவ்வளவு சிரமம் இருக்காது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பாப்பா

⁂

மார்ச் 9

பாப்பா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அக்காவாக, இரண்டாம் தடவை சப்ளையராக. இரண்டு பேருக்குமே அதில் பதில் இல்லை.

மாஸ்டரில் இருக்கும் எண்ணாம். எண் என்ன, மழை பெய்தால் முளைக்கிற காளானா? ஒரு கை அடித்திருக்க வேண்டும். டிரைவர் அண்ணன் பத்து ஃபேக்டரிக்கு லோடு ஏற்றுகிறவர். பிளானிங்கில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் கைவைக்க முடியாது என்கிறார். மோட்டார், டிரம், வயர் கட்டு மூன்றும் என் பொறுப்பு என்று போன வருடம் இதே வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவள் நீ. உன் பொறுப்பில் இருக்கிற எண்ணை உனக்குத் தெரியாமல் யார் மாற்றினார்கள்? அப்படி மாற்றியிருந்தால் நீ பதறியிருக்க வேண்டாமா? நீ பதறவில்லை. உன் எழுத்து சமமாக, அழகாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தலையணை உறை விஷயத்தை எல்லோரிடமும் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. ஏழு வீட்டில் ஒருத்தியான தையல்காரி வேலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள், "ஒன்பது நாள் வேலையைப் பதினாலுன்னு எழுதினவங்களுக்கு வேணா ஒண்ணு தச்சுக் குடுக்கறேன்க்கா. நல்லாத் தூங்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் தங்கையைக் கேட்டீர்களா என்றார். கேட்டிருக்கிறேன் என்றேன்.

தினமும் காலையில் பிரார்த்தனைக்கு உட்காரும்போது உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். மூன்று நாளாக உன் பெயர் வந்ததும் மேலே வார்த்தை ஓடவில்லை.

மறுபடி கேட்கிறேன். யார்?

அக்கா

⁂

மார்ச் 12

அக்கா,

நான்தான்.

போனில் என்றால் அழுதிருப்பேன். எழுதுவது மேல்.

நான்கு வருடம் முன்னால் உன் லோடு பதின்மூன்றாம் நாள் வந்தது. மெஷின் பூட்டும் லைன் மூன்று மணி நேரம் நின்றது. நூற்றைம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போதிருந்த மேனேஜர் என்னை லைன் நடுவிலேயே நிறுத்தி, "இது ஃபேக்டரியா, உங்க அக்கா வீட்டு சமையக்கட்டா?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சிரிப்பு தெரியும்.

அன்று சாயங்காலமே ஒன்பதை அழித்துப் பதினான்கு போட்டேன். எண் கூடினால் சிஸ்டம் ஐந்து நாள் முன்னதாகவே ஆர்டரை எழுப்பிவிடும். உன் வீட்டில் யார் படுத்தாலும், லாரி எங்கே நின்றாலும், உன்னால் இனி லைன் நிற்காது. உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதற்காகச் செய்தேன். நான்கு வருடம் ஒருவரும் சொன்னார்களா?

அதே எண்ணை எடுத்து ஒருவர் உன்னை அளப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. உன் பெட்டி எந்த நாள் வந்து இறங்கியது என்று அந்தத் திரை பார்ப்பதில்லை. மாஸ்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்கிறது. உன்னைக் காப்பாற்றக் கட்டிய சுவர் உன் மேலேயே விழுந்துவிட்டது.

சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. மாதக் கடைசியில் முந்நூறு எண்களை மொத்தமாகத் திருத்துவோம். காரணம் கேட்கும் கட்டத்தில் "பொதுத் திருத்தம்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை. அந்தக் கூட்டத்தில் உன்னுடையதையும் நுழைத்துவிடுகிறேன். ஒன்பது ஆகிவிடும், சிவப்பு போய்விடும், ஆர்டர் உன்னிடமே இருக்கும். தனியாகத் திருத்தினால் என் பெயரும் காரணமும் கேட்கும், கலர்காரர் மேஜைக்குப் போகும். அதோடு நான் முடிந்தேன்.

நீ நோட்டை மூடி வைத்துக்கொண்டு இருபது நாள் பேசாமல் இரு. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

பாப்பா

⁂

மார்ச் 15

பாப்பா,

முதலில் "சரி, அப்படியே செய்" என்று எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். கிழித்ததை உன்னிடம் மறைக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் அந்த வாரத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உனக்குப் போன் செய்து "எப்படியாவது காப்பாத்து பாப்பா" என்று சொன்னவள் நான். பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்து: "லைன் நின்றதாம். பாப்பா பார்த்துக்கொள்வாள். ஆண்டவனுக்கு நன்றி." நன்றி போன விலாசம் தப்பு போலிருக்கிறது.

இன்னொன்று. அதன் பிறகு வந்த ஆர்டர் தாள்களில் தேவைப்படும் நாள் என்ற இடத்தில் எப்போதும் பதினான்காம் நாளின் தேதி இருந்தது. நான் பார்த்தேன். அவசரமில்லாத ஆர்டர் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பதாம் நாளே அனுப்பிவிட்டு, நாம் எவ்வளவு கெட்டிக்காரிகள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். அது என் பங்கு. அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

ஆனால் பாப்பா, என் அடுப்படியில் எண்ணெய் ஜாடியில் ஒரு கோடு இருக்கிறது. எண்ணெய் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் வாங்க வேண்டும். கோட்டை ஐந்து நாள் உயரத்துக்கு மேலே ஏற்றி வரைந்தால் என்ன ஆகும்? பழையது தீரும் முன்னால் புதியது வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும். அலமாரியில் ஐந்து நாள் எண்ணெய் எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும். என் வீட்டில் அப்படி உட்கார்ந்தால் உன் அத்தான் என்னைக் கேட்பார்.

உங்கள் லைனில் நாளைக்குத் தொண்ணூறு மெஷின். ஐந்து நாளுக்கு நானூற்றைம்பது கட்டு. நான்கு வருடமாக அந்த நானூற்றைம்பதும் யார் அலமாரியில் உட்கார்ந்திருந்தது? இடத்தை அடைக்கிறது என்று யார் திட்டு வாங்கினார்கள்? அதைச் சொல்லாமல் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லாதே.

அக்கா

⁂

மார்ச் 18

அக்கா,

எப்போதும் இப்படித்தான் நீ. சின்ன வயதில் நான் எடுத்துத் தின்ற சர்க்கரையை ஸ்பூன் கணக்கில் சொல்லி என்னை அடி வாங்க வைத்தவள்.

நானூற்றைம்பது. உன் கணக்கு சரி. ஒன்றுகூட அதிகம் இல்லை, குறைவும் இல்லை. போன வருடம் மெஷினின் டிசைன் மாறியது. கனெக்டரில் ஒரு பின் அதிகமாயிற்று. பழைய கட்டு எதற்கும் பொருந்தாது. அலமாரியில் இருந்த நானூற்றைம்பது கட்டும் குப்பைக்குப் போனது. "தேவைக்கு மேல் இருப்பு வைத்தார்" என்று ஸ்டோர்ஸ் அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் எண்ணி எண்ணிப் பார்த்தார். எங்கிருந்து அதிகம் வந்தது என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இருபத்தாறு வருடம் ஸ்டோர்ஸை நடத்தியவரை வாசல் கேட்டில் உட்காரவைத்து, வருகிற லாரியை ரிஜிஸ்டரில் எழுதச் சொல்லிவிட்டார்கள். தினமும் காலையில் என் போனை வாங்கி லாக்கரில் வைப்பவர் அவர்தான். "சாப்டியாம்மா?" என்று கேட்பார்.

சொல்லிவிட்டேன். போதுமா?

பெரிய நியாயம் பேசுகிறாயே, என் வேலை போனால் என் வீடு என்ன ஆகும் என்று மூன்று கடிதத்தில் ஒரு வரி எழுதினாயா? உனக்கு அத்தான் இருக்கிறார். இந்த வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். ஆண்டவனோடு உனக்கு நேரடிக் கணக்கு இருக்கலாம். எனக்கு மேலே இருப்பது கலர்காரர்.

மார்ச் 28 சப்ளையர் மீட்டிங். சிவப்பில் இருப்பவர்கள் வந்து பேசலாம் என்று உனக்கும் தாள் வந்திருக்கும். வராதே. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு நீ அங்கே வந்து நின்றால், உன்னைத் தெரியாது என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

பாப்பா

⁂

மார்ச் 21

பாப்பா,

வருகிறேன். 26 காலை டிரைவர் அண்ணனோடு லாரியிலேயே முன்சீட்டில் வருகிறேன். பெட்டிகளோடு பெட்டியாக.

உன் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்றாய். உண்மை. எழுதினால் என் கை நின்றுவிடும் என்று பயந்து எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். உன் வேலை போனால் நீயும் பிள்ளைகளும் இங்கே வந்துவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்லமாட்டேன். நீ வரமாட்டாய், எனக்குத் தெரியும். போனால் போனதுதான். அந்தப் பயத்தை நான் உனக்குப் பதிலாகப் படமுடியாது.

நேற்று ஏழு வீட்டாரையும் கூட்டி முழுவதையும் சொன்னேன்.  முதலில் மாடிவீட்டுக்காரி, நம் வேலை போனால் போகட்டும், உங்கள் தங்கைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, விட்டுவிடுங்கள் என்றாள். தையல்காரியும் தலையாட்டினாள், அவள் மகன் காலேஜில் சேர்ந்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் விடச் சொன்னார்கள். முடியாது என்று சொன்னது நான் ஒருத்திதான். அவர்கள் நல்லவர்கள். ஆனால் ஒன்பது நாள் வேலையைப் பதினான்கு நாள் சோம்பேறித்தனம் என்று அச்சடித்துச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை ஒப்புக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து தலையணை உறை தைக்க என்னால் ஆகாது.

நான் செய்யப்போவது இதுதான். நோட்டைக் காட்டுவேன். உங்கள் கேட் ரிஜிஸ்டரை எடுத்து ஒப்பிடச் சொல்வேன். யார் எழுதியது என்று கேட்டால் உன் பெயர் என் வாயிலிருந்து வராது. தெரியாது என்று பொய்யும் வராது. சும்மா நிற்பேன். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

பொதுத் திருத்தம் வேண்டாம். ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் துடைத்தால் துணிதான் அழுக்காகும். அது மட்டுமில்லை, அந்த வார்த்தையில் ஸ்டோர்ஸ் அண்ணன் எங்கே இருக்கிறார்? எங்கள் ஆர்டரை நான் போராடி வாங்கிவிடுவேன். அவருடைய மெமோவை நான் வாங்க முடியாது. அதை எடுக்க உன் ஒருத்தியால்தான் முடியும். செய் என்று சொல்லவில்லை. தினமும் உன் போனை அவர் கையில்தான் கொடுக்கிறாய், நீயே பார்த்துக்கொள்.

என்னைத் தெரியாது என்று சொல்வதானால் சொல்லிக்கொள். நான் கோபப்படமாட்டேன்.

அக்கா

⁂

ஏப்ரல் 2

அக்கா,

நீ மீட்டிங் முடிந்ததும் நேரே லாரிக்குப் போய்விட்டாய். அதனால் உனக்குத் தெரியாதவற்றை எழுதுகிறேன்.

அந்த நோட்டை எப்படி நம்புவது என்று கலர்காரர் கேட்டபோது நீ சொன்னது இன்னும் இங்கே கேன்டீனில் ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்க கேட் ரிஜிஸ்டரக் கொண்டாரச் சொல்லுங்க சார். நான் லாரி ஏத்தின தேதியோட ரெண்டு நாளக் கூட்டிக்கிட்டே வாங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிடறேன்." ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஸ்டோர்ஸ் அண்ணன் என்று உனக்குத் தெரிந்திருக்காது. இருபது தேதி எடுத்துப் பார்த்தார்கள். இருபதும் பொருந்தியது. அப்போதுதான் கலர்காரர் என் பக்கம் திரும்பி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"என் கூடப் பிறந்தவங்க சார்" என்றேன். அந்த நேரம் நீ என்னைப் பார்க்கவே இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ உள்ளே வருவதற்கு முன்பே, காலை ஒன்பது மணிக்கு, நான் எண்ணை மாற்றிவிட்டிருந்தேன். தனியாக, என் பெயரில். காரணம் என்ற கட்டத்தில் எழுதியது: "ஒன்பதுதான் சரி. பதினான்கு நான் பயத்தில் போட்டது. அதனால் தேங்கிய 450 கட்டுகளுக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பல்ல." நீ வருகிறாய் என்பதற்காகச் செய்ததில்லை. அன்று காலையும் அண்ணன், சாப்பிட்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான்.

நீ போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. பிளானிங்கை விட்டு எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஸ்டோர்ஸுக்குத் திரும்பிவிட்டார். அவர் நாற்காலியில், கேட்டில், இப்போது நான். லாரி நம்பர், வந்த நேரம், பெட்டி எத்தனை.

அண்ணன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை ஸ்டோர்ஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார். "ஒரு வருஷமா எனக்கு எண்ணத் தெரியலைன்னு நானே நம்பிட்டேன்மா" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

உனக்கு மூன்று லோடு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆர்டர் போட்டதிலிருந்து ஒன்பதாம் நாள் மாலை ஐந்தரைக்குள் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஆர்டர் அந்தப் பெரிய கம்பெனிக்கு. ஐந்தரைக்கு மேல் வந்தால் மறுநாள் கணக்கு. தாள் இத்தோடு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டது எல்லாம் நடந்துவிட்டது. எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான்.

பாப்பா

⁂

ஏப்ரல் 5

பாப்பா,

கோபமாகவே இரு. தெரியாது என்று சொல்லாமல் விட்டாயே, அது போதும் எனக்கு.

அன்று உன்னைப் பார்க்காததற்குக் காரணம் வேறு. பார்த்திருந்தால் அத்தனை பேர் முன்னால் என் குரல் உடைந்திருக்கும். கலர்காரருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கேட்டில் வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும் என்று டிரைவர் அண்ணன் சொன்னார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள். முதல் லோடுக்கான வயரை மாடிவீட்டுக்காரி வெட்டிக்கொண்டிருக்கிறாள். யாரும் பேசுவதுகூட இல்லை. கத்தரிச் சத்தம்தான்.

இன்று காலைப் பிரார்த்தனை தடங்கலில்லாமல் ஓடியது.

அக்கா

⁂

மே 11

அக்கா,

முதல் லோடு எட்டாம் நாள் வந்தது, எழுதினேன். இரண்டாவது ஒன்பதாம் நாள் மத்தியானம் வந்தது, எழுதினேன். மூன்றாவது நேற்று வர வேண்டியது.

ஐந்து மணியிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து இருபதுக்கு ஸ்டோர்ஸ் அண்ணனும் வந்து நின்றார். ஐந்தரைக்கு மணி அடித்தார்கள். ஐந்து நாற்பதுக்கு லாரி திரும்பியது. டிரைவர் அண்ணன் சட்டையெல்லாம் கிரீஸ். பாலத்துக்குப் பக்கத்தில் டயர் வெடித்து, தனியாகக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

ரிஜிஸ்டர் என் மேஜையில். பேனா என் கையில். சுற்றி நின்ற நான்கு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள், அக்கா. வேண்டுமென்றே. டிரைவர் அண்ணன் குனிந்து மெதுவாகச் சொன்னார், "பத்து நிமிஷம்தானே பாப்பாம்மா. ஏழு குடும்பம்." கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிஷத்தை விழுங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. நான்கு வருடம் முன்னால் ஒரு சாயங்காலம் இதே கைதான் இதே மாதிரி நின்றது.

ஐந்து நாற்பது என்று எழுதினேன்.

பத்தாம் நாள் கணக்காகிவிட்டது. ஆர்டர் போய்விட்டது. என் கையாலேயே இரண்டாவது தடவை உங்களைக் கவிழ்த்திருக்கிறேன். முதல் தடவை பொய் எழுதி, இந்தத் தடவை உண்மை எழுதி. ஏழு வீட்டாரும் என்னைத் திட்டட்டும், காது கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதை அடித்துத் திருத்தமாட்டேன். நீயே வந்து கேட்டாலும் மாட்டேன்.

பாப்பா

⁂

மே 16

பாப்பாவுக்கு,

திட்டினார்கள். மறைக்கமாட்டேன். தையல்காரி கத்தரியை மேஜையில் போட்டுவிட்டு, "பத்து நிமிஷத்துக்கு மனசு வரலையா உங்க தங்கச்சிக்கு?" என்று கேட்டாள். "வராது. அதுக்காகத்தான் ஒரு மாசம் அவளோட மல்லுக்கட்டினேன்" என்றேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் வந்தாய் என்று நானும் கேட்கவில்லை.

13ஆம் தேதி உங்கள் மேனேஜர், அந்தக் கலர்காரர், போன் செய்தார். நல்ல மனிதர்தான், வருத்தமாகத்தான் சொன்னார். மூன்றில் ஒன்று தவறிவிட்டது, விதி எல்லோருக்கும் ஒன்று, ஆர்டரை மாற்றுகிறோம் என்றார். தவறியது உண்மை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, எனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, கேட்டுவிட்டு வையுங்கள் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நீ ஐந்து நாற்பது என்று எழுதிய தாளை அன்று காலையில்தான் படித்திருந்தேன், அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"சார், இந்த ஒன்பது வருஷத்துல எத்தனை நாள் வேணும்னு எங்கள யாரும் கேட்டதில்ல. பதினாலுங்கறது உங்க ஆபீஸ்ல எழுதினது. ஒன்பதுங்கறது நான் ரோஷத்துல நிரூபிக்க வந்தது. இப்ப நான் என் வாயால சொல்றேன். எங்க எண் பத்து."

ஒன்பது என்று நிரூபிக்கத்தானே வந்தீர்கள் என்றார்.

"ஒன்பதுலதான் செய்வோம் சார். வாக்கு குடுக்கறது பத்து. அந்த ஒரு நாள் ரோட்டுக்கு. அஞ்சு நாள ஒளிச்சு வெச்சதாலதான் இத்தனையும் ஆச்சு. நான் ஒரு நாள உங்ககிட்ட சொல்லிட்டு வெக்கறேன். அந்தப் பெரிய கம்பெனியோட பதினொண்ணுக்குள்ள எத்தனை நாள் ஒளிஞ்சிருக்குன்னு அவங்களையும் கேளுங்க. அவங்க லாரி கேட்டுக்குள்ள வர்ற நேரத்தையும் என் தங்கச்சியே எழுதட்டும்."

  பிறகு, அந்த ஐந்து நாற்பதை எழுதியது உங்கள் தங்கைதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். யோசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் கெஞ்சவில்லை பாப்பா. ஒரு "தயவுசெய்து"கூடச் சொல்லவில்லை. இந்த வேலை போனாலும் போகட்டும், எண்ணாவது எங்களுடையதாக இருக்கட்டும் என்றிருந்தது.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. வயர் உருளைகளை எண்ணித் திருப்பி அனுப்ப மூட்டை கட்டி வைத்தோம்.

இன்று காலை ஆறரைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஆயிரத்து எண்பது கட்டு. லீட் டைம் என்ற இடத்தில் பத்து. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: "சப்ளையர் சொன்னது." ஸ்டோர்ஸ் அண்ணனிடம் சொல், ஒரு நாளைக்குண்டான தொண்ணூறு கட்டுதான் அவர் அலமாரியில் கூடுதலாக நிற்கும். ஏன் நிற்கிறது என்று இந்தத் தடவை அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டோம். மாடிவீட்டுக்காரி வெட்ட ஆரம்பித்தாயிற்று. எனக்கும் வேலை இருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன். லாரி வரும்போது மணியைப் பார்த்து எழுது, எங்கள் முகத்தைப் பார்க்காதே.

இன்று முதல் நாள்.

அக்கா